சுவரில் எழுதிய சட்டம்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

போன வருஷம் ஒரு ஆலயப் பொதுக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். பல வருஷமா அங்க தொண்டு செய்யுற ஒரு பெரியவர் பொறுப்புக்கு நிக்க பாரம் கொடுத்தார். "சந்தா ஆறு மாசத்துக்கு முன்னமே கட்டியிருக்கணும், சட்டத்துல இருக்கு"ன்னு தள்ளிட்டாங்க. இருந்தது உண்மைதான். ஆனா அலமாரியில, பைலுக்குள்ள, மலாய்ல இருந்தது. அவர் ஒண்ணும் பேசல. செருப்பை மாட்டிக்கிட்டு போயிட்டார்.

தெரியாத சட்டம் சட்டமா?

பல்லவ மன்னன் சிம்மவர்மன் காலத்து பள்ளன்கோயில் செப்பேட்டைப் பாருங்க. மன்னன் ஒரு ஊரை சமணப் பள்ளிக்குத் தானமா கொடுத்தான். அரசன் ஓலை நாட்டாருக்கு வந்தது. அவங்க அதைத் தொழுது தலைமேல வெச்சு, எல்லையைச் சுத்தி நடந்து, கல்லும் கள்ளியும் நட்டாங்க. எழுத்து தெரியாதவன்கூட பார்த்துப் புரிஞ்சுக்கலாம். அப்புறம்தான் செய்தாச்சுன்னு மன்னனுக்கு பதில் ஓலை போனது.

ரோமாபுரியிலும் அப்படித்தான். 301-ல் மன்னன் டயோக்ளீஷியன் பொருளுக்கெல்லாம் உச்ச விலை வெச்ச சட்டத்தைப் பல ஊர்ல கல்லுல வெட்டினாங்க. கிரீஸ் பக்கம் விலைப்பட்டியலைக் கிரேக்க மொழியில மாத்தியே வெட்டினாங்க.

நம்ம உத்திரமேரூர் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேல. முதலாம் பராந்தக சோழன் காலம், 919, 921-ஆம் ஆண்டுகள். வாரியத்துக்கு யார் நிக்கலாம், யார் நிக்கக்கூடாதுன்னு வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்லயே வெட்டி வெச்சாங்க. வயசு 35-க்கு மேல, 70-க்குக் கீழ. முன்ன பொறுப்புல இருந்து கணக்கு காட்டாதவனும் அவன் சொந்தக்காரங்களும் நிக்க முடியாது. பேர் எழுதின ஓலையைக் குடத்துல போட்டு ஒரு சின்னப் பையன் எடுப்பான். மத்தியஸ்தர் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கி, சத்தமா வாசிப்பார். அங்க இருக்கிற நம்பிமாரும் வாசிப்பாங்க.

அது எல்லாருக்கும் ஓட்டு இருந்த தேர்தல் இல்ல. பிராமண சபை அது. நிலமும் வேதப் படிப்பும் வேணும். அதை நாம மறைக்க வேண்டாம். ஆனா விதி சுவர்ல இருந்தது, பைலுக்குள்ள இல்ல.

எங்க அப்பா காலத்து தோட்டத்துல பெரட்டுக் களத்துலதான் உத்தரவு சொல்வாங்க. படிக்காதவன் காதுலயும் விழும். நான் வேலை செய்யுற பேக்டரியில நேப்பாள், வங்காளதேசப் பையன்கள் இருக்காங்க. நோட்டீஸ் ஒட்டிட்டு சும்மா இருக்க மாட்டேன். மெஷின் பக்கத்துல நின்னு கையால காட்டிச் சொல்வேன். தெரியாம ஒருத்தன் விரல் போகக்கூடாது இல்லையா?

நம்ம ஆலயத்துல அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன்னாடி சட்டத்தைத் தமிழ்ல எழுதி, செருப்பு விடுற இடத்துக்குப் பக்கத்துல ஒட்டலாம். வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு யாராவது சத்தமா வாசிக்கலாம். எழுதித் தர நான் தயார். அந்தப் பெரியவர் மாதிரி இன்னொருத்தர் வாசலோட திரும்பிப் போகக்கூடாது.

அன்பே சிவம்.