போல்ட்டு முறுக்கும் முறை வந்த வரலாறு

வீட்டில் தாமே காரைப் பழுதுபார்க்கும் அன்பர்கள் பலர், சஸ்பென்ஷன் போல்ட்டுகளை, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே, கைவலு முழுவதையும் காட்டி முறுக்கிவிடுகின்றனர். முறுக்க முறுக்க உறுதி என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் பிழை என்பதைப் போல்ட்டின் வரலாறே காட்டும்.

1841இல் ஜோசப் விட்வொர்த் மரைகளுக்கு 55 பாகைக் கோணத்தை வகுக்குமுன், இங்கிலாந்தில் ஒரு பட்டறையின் போல்ட்டு வேறொரு பட்டறையின் நட்டில் ஏறுவது அரிது. 1864இல் அமெரிக்கரான வில்லியம் செல்லர்ஸ் 60 பாகையை முன்மொழிந்தார். இன்றைய மெட்ரிக் மரையின் கோணமும் அதுவே. இவ்வாறு வடிவம் ஒழுங்குபட்டது; இறுக்கமோ தொழிலாளியின் கைப்பழக்கத்தையே நம்பி நின்றது.

இறுக்கத்துக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் மோட்டார் தொழிலில் பிறந்ததன்று. நியூயார்க் நகர நீர்வழங்கு துறையில் பணியாற்றிய கான்ராட் பார், நிலத்தடிக் குழாய்களின் போல்ட்டுகள் மிகையாக முறுக்கப்படுவதைத் தடுக்க 1918இல் அதனை அமைத்தார் என்பர்.

முறுக்கு வேறு, இறுக்கம் வேறு. (தமிழாசிரியர்கள் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வர்.) நாம் தரும் முறுக்கில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் தலைக்கடியிலும் உராய்வாய்க் கழிகிறது. எஞ்சிய ஒரு பங்கே போல்ட்டை இழுத்து நீட்டிப் பிடிப்பைத் தருகிறது. ஆதலால், உலர்ந்த மரைக்கெனக் குறித்த அளவை எண்ணெய் தடவிய மரைக்கும் கொடுத்தால் உராய்வு குறைந்து, பிடிப்பு எல்லை மீறும். போல்ட்டு அறுந்துபோதலும் கூடும்.

ஆயின், சக்கரம் தொங்கும்போது முறுக்கலாகாது என்பது ஏன்? இங்கேதான் ரப்பர் வருகிறது. பழைய கார்களில் வில்பட்டைகளைத் தாங்கிய முளைகள் உலோகக் குழல்களில் அசைந்தன. இடையறாது கிரீஸ் ஊட்ட வேண்டும். 1920களில் லியோன் தீரி என்னும் பொறியியலார், இரு உலோகக் குழல்களுக்கிடையே ரப்பரை நெருக்கிச் செருகிச் 'சைலண்ட்பிளாக்' என்னும் புஷ்ஷை ஆக்கினார். மலாயாத் தோட்டங்களில் நம்மவர் பால்மரம் வெட்டிய ரப்பர் உலகெங்கும் சென்ற காலம் அது.

இந்தப் புஷ்ஷில் எதுவும் சுழல்வதில்லை. போல்ட்டு உட்குழலை அசையாமல் கவ்வுகிறது. சக்கரம் ஏறி இறங்கும்போது ரப்பரே முறுகி மீள்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் கவ்விவிட்டால், காரை இறக்கியதும் ரப்பர் முறுகி, நிற்கும்போதும் முறுகியபடியே கிடக்கும், விரைவில் கிழியும். புதிய புஷ் சில மாதங்களிலேயே பாழாவதற்கு இஃதொரு காரணம். பழியோ கடைச்சரக்கின்மேல் விழுகிறது!

எனவே போல்ட்டை முதலில் தளர்வாகவே பூட்டுக. சக்கரங்கள் காரின் எடையைத் தாங்கி நிற்கும் நிலையில், கார்க்குரிய கையேடு கூறும் அளவுக்கு முறுக்குக. அடியில் நுழைய வேண்டுமாயின் சக்கரங்களைச் சாய்தளத்தின்மேல் ஏற்றி நிறுத்துவதே நன்று. ஜாக்கி ஒன்றையே நம்பி உடலை உள்ளே நுழைத்தல் ஒருபோதும் கூடாது. பந்துமூட்டின் நட்டு மட்டும் இவ்விதியில் அடங்காது. அங்கே முறுகவேண்டிய ரப்பர் புஷ் இல்லை, பந்தே சுழல்கிறது.