மீளமர்த்தலும் மீளச்சேர்த்தலும்: 1947, 1980 வேலைநிறுத்தங்கள் பற்றிய ஒரு நோக்கு

வேலையிழந்த தொழிலாளி மீண்டும் தன் பழைய இடத்துக்கு வருவது உரிமையா, சலுகையா என்னும் வினா வெறும் நிருவாக வினாவன்று. உழைப்பை வாங்குவோனுக்கும் விற்போனுக்குமிடையே நிலவும் அதிகார உறவு அவ்வினாவிலே தெளிவாகப் புலப்படுகின்றது. இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாற்றின் இரு பெரும் வேலைநிறுத்தங்கள் இவ்வுண்மையை விளக்குவன.

1947ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தின்போது, ஜூன் 5ஆம் திகதி, கொழும்பில் ஊர்வலமொன்றின்மீது பொலிசார் சுட்டதில் அரசாங்க எழுதுவினைஞரான கந்தசாமி உயிரிழந்தார். அரசாங்க எழுதுவினைஞர் சங்கத் தலைவராயிருந்த ரி. பி. இலங்கரத்ன வேலையிழந்தார். அதே மாதத்திலேயே 1947ஆம் ஆண்டு 25ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. குடியேற்ற ஆட்சி விடைபெறும் வேளையில் உள்ளூர் ஆளும் வர்க்கத்துக்கு விட்டுச்சென்ற ஆயுதங்களுள் இதுவும் ஒன்றாகும்.

வேலையிழந்த அந்த எழுதுவினைஞரே 1956இல் தொழில் அமைச்சரானார். ‘அம்ப யஹலுவோ’ நாவலின் ஆசிரியராகச் சிங்கள வாசகர் நன்கறிந்தவரும் அவரே. அவர் அமைச்சராயிருந்த காலத்தில், 1957ஆம் ஆண்டு 62ஆம் இலக்கத் திருத்தத்தின் வழியாக, 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தினுள் தொழில் நியாய சபைகள் இடம்பெற்றன. அதுவரை பொதுச் சட்டத்தின்படி, தவறாக நீக்கப்பட்டவன் நட்டஈடு மட்டுமே கோரலாம். மனமொவ்வாத எசமானைத் திரும்ப ஏற்கும்படி நீதிமன்று பணிக்காது. புதிய ஏற்பாடோ, சேவை ஒப்பந்தத்தில் யாது கூறப்பட்டிருப்பினும், நீதியும் ஒப்புரவுமான கட்டளையை வழங்கலாம் என்றது. மீளமர்த்தல் அவ்வாறு உரிமையின் எல்லைக்குள் வந்தது. எனினும் அரசு தன்னைத் தொழில்கொள்வோன் என்ற முறையில் இச்சட்டத்துக்குப் புறம்பாகவே வைத்துக்கொண்டது. முதலாளிக்கு விதித்த கட்டுப்பாட்டை அரசு தனக்கு விதித்துக்கொள்ளவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்விடைவெளியின் பொருள் 1980இல் வெளிப்பட்டது. 1977இன் பின்னர் திறந்த பொருளாதாரம் விலைகளை உயர்த்தியது. பங்கீட்டு உணவு 1979இல் உணவு முத்திரையாகச் சுருங்கியது. அரச ஊழியரின் நியமனமும் நீக்கமும் 1972இன் அரசியலமைப்பால் அமைச்சரவையின் கைக்கு மாறியிருந்தன; 1978இன் அரசியலமைப்பும் அதனைப் பேணியது. இந்நிலையில் 300 ரூபா சம்பள உயர்வு கோரி 1980 ஜூலையில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசாங்கம் அவசரகால ஒழுங்குவிதிகளைப் பிரயோகித்தது. அவற்றின் மூலம் அதே 1947இன் கட்டளைச் சட்டமாகும். 40,000க்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர்.

இங்கு சட்டத்தின் மொழி கூர்ந்து நோக்கத்தக்கது. ஒழுங்குவிதி அவர்களை ‘நீக்க’வில்லை, வேலைக்கு வராதோர் பதவியைத் தாமே துறந்தவராகக் ‘கருதப்படுவர்’ என்றது. நீக்கம் எனின் குற்றச்சாட்டு வேண்டும், விசாரணை வேண்டும், நீக்கியவன் விடை கூறவும் வேண்டும். துறப்பு எனின் இவை எவையும் வேண்டா. செயப்பாட்டு வினையொன்று நீக்கியவனை மறைத்து, நீக்கப்பட்டவனையே எழுவாயாக்கிவிட்டது. வேறெந்தச் சட்டமும் ஒப்பந்தமும் மாறாகக் கூறினும் இவ்விதியே செல்லும் என்பதும் அதன் நியதி. ஒப்பந்தத்தை மீறித் தொழிலாளியைக் காக்க 1957இல் எழுந்த அதே சட்ட உத்தி, 1980இல் ஒப்பந்தத்தை மீறி அவனை வெளியேற்றப் பயன்பட்டது. உத்தி ஒன்றே, அதனைக் கையாண்ட வர்க்க நலன் வேறு.

பின்னாளில் பலர் பகுதி பகுதியாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். ஆயின், மீளமர்த்தப்பட்டவனுக்குச் சேவை அறுபடுவதில்லை. சம்பள ஏற்றமும் மூப்புரிமையும் ஓய்வூதியமும் அதனைப் பின்தொடரும். கருணையாற் சேர்க்கப்பட்டவனோ தன் பழைய மேசையிலேயே புதியவனாக அமர்கிறான். இழந்த ஆண்டுகளுக்கான கோரிக்கைகள் பல பதின்மங்கள் நீடித்தமைக்குக் காரணம் இவ்வேறுபாடே. வறுமையால் தம்முயிரை மாய்த்துக்கொண்டோருக்கு எவ்விதச் சேர்ப்பும் பயன்படவில்லை.

ஆகவே, ‘திரும்ப எடுத்தார்கள்’ என்னும் சொற்றொடரை வரலாற்று மாணவன் அப்படியே ஏற்றலாகாது. எந்த விதியின்கீழ், எந்த நாளிலிருந்து, எந்தச் சேவைக்காலத்தோடு என்று அவன் வினாவுதல் வேண்டும். உரிமைக்கும் சலுகைக்குமுள்ள தூரம் அவ்விடைகளில்தான் அளக்கப்படும்.