மத்தவிலாசப் பிரகசனம்

மத்தவிலாசப் பிரகசனம் என்பது, ஏறத்தாழ கி.பி. 600–630 காலத்தில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன், காஞ்சிபுரத்தைக் களமாகக் கொண்டு வடமொழியிலும் பிராகிருதத்திலும் இயற்றிய ஓரங்க அங்கத நாடகம். ‘மத்தவிலாசன்’ என்பது அம்மன்னனின் விருதுப்பெயர்களுள் ஒன்று.

வகை: பிரகசனம், வடமொழி நாடக இலக்கணம் கூறும் பத்து நாடக வகைகளுள் ஒன்று.

கதை: கள்ளுண்டு மயங்கிய காபாலிகச் சைவத் துறவி சத்தியசோமன், பிச்சைக்கலமாகக் கொண்டிருந்த கபாலத்தை (மண்டையோட்டை) தொலைக்கிறான். அதைத் திருடியவர் பௌத்தத் துறவி நாகசேனர் என அவனும் துணைவி தேவசோமையும் குற்றஞ்சாட்டுகின்றனர். மற்றொரு சைவப் பிரிவான பாசுபதத்தைச் சேர்ந்த பப்புருகல்பன் நடுவராகிறான். புலால் வாடைக்காகக் கபாலத்தைக் கவ்விச் சென்ற நாயிடமிருந்து அதைப் பறித்த பித்தன் ஒருவன் வந்ததும் வழக்கு முடிகிறது; பகைத்தவர்கள் இணக்கமாகப் பிரிகின்றனர்.

சிறப்பு: ஒரே நகரில் வாழ்ந்த மாறுபட்ட சமயநோக்கினர் பிறர் நெறியை ஐயுற்றதையும், சொந்த நெறியிலிருந்து வழுவியதையும் நாடகம் ஒருசேரக் காட்டுகிறது. நீதிமன்றத்தில் கையூட்டு வெல்லும் என்ற தேவசோமையின் கூற்று, அரசனே எழுதிய நூலில் இடம்பெறுவது குறிப்பிடத்தக்கது. காபாலிகம், பாசுபதம், பௌத்தம் ஆகியவை 7ஆம் நூற்றாண்டுக் காஞ்சியில் அருகருகே நிலவியதற்கு இந்நூல் முதன்மைச் சான்றாகும்.

வரலாறு: காஞ்சிபுரத்தை அடுத்த மாமண்டூர்க் குடைவரைக் கல்வெட்டு இந்நாடகத்தைக் குறிப்பிடுகிறது. த. கணபதி சாஸ்திரி 1917இல் திருவனந்தபுரம் வடமொழி நூல்வரிசையில் இதைப் பதிப்பித்தார். கேரளக் கோயில்களில் மரபுவழிக் கூத்துக் கலைஞர்களான சாக்கியார்கள் இதை மத்தவிலாசக் கூத்தாக நிகழ்த்துகின்றனர்.