என்பு நீட்டல்: தொடையோ கணைக்காலோ?

வளர்ச்சி முடிந்தபின் மனிதனது என்பு மேலும் நீளாது என்பது உலகோர் யாவரும் நெடுங்காலமாகக் கொண்டிருந்த துணிபாகும். அத்துணிபு தளர்ந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகின்றது. என்பை அறுத்து, அறுத்த முனைகளைச் சிறிது சிறிதாக விலக்கி, இடைவெளியிற் புதிய என்பை வளரச் செய்யும் சத்திர சிகிச்சை இன்று பல நாடுகளிலும் நடைபெறுகின்றது. குறுகிய காலைச் சமன் செய்தற்கென எழுந்த இம்முறையை, உயரத்தைக் கூட்டும் விருப்பினாலும் இளைஞர் சிலர் நாடுகின்றனர். அங்ஙனம் நாடுவோர் முன் எழும் முதல் வினா, நீட்டவேண்டியது தொடையென்பையா, முழங்காலின் கீழுள்ள கணைக்காலென்பையா என்பதாம். இதற்கு விடை சென்ரிமீற்றர்க் கணக்கில் மட்டும் அடங்குவதன்று. இக்கலையின் வரலாற்றையும், சிகிச்சை பெறுவோன் வாழும் மண்ணின் வாழ்க்கை முறையையும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும்.

ஈழத்தின் கீழ்க்கரையில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நிரல்பட அமைந்த முஸ்லிம் ஊர்களிலும், அவற்றிடையே விளங்கும் பாண்டிருப்பு, காரைதீவு முதலிய தமிழ் ஊர்களிலும் முறிவு நெரிவு வைத்தியம் வழிவழியாக அறியப்பட்டதொன்று. முறிந்த என்பை நேராக்கி, எண்ணெயும் பற்றும் இட்டு, சிம்பு வைத்துக் கட்டுதலே அவ்வைத்தியத்தின் வழி. உறுப்பை முன்னிருந்த நிலைக்கு மீட்டலே அதன் குறிக்கோள். முன்னில்லாத நீளத்தை ஆக்குதல் அன்று. குறுகி ஒட்டிவிட்ட என்பை நீட்டும் செவ்விய வழி, மேனாட்டு வைத்தியருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை கைவரவில்லை.

அவ்வழியைத் தொடங்கிவைத்தவருள் முதல்வராக மதிக்கப்படுபவர் இத்தாலி நாட்டுப் பொலோஞா நகரத்து அலெசாந்திரோ கொடிவில்லா என்பார். குறுகிய தொடையென்பை அறுத்து, குதிகாலென்பிற் பாய்ச்சிய ஊசியின் வழியே காலை வலிந்து இழுத்து, சாந்துக் கட்டினால் நிலைநிறுத்தும் தமது முறையை அவர் 1905இல் வெளியிட்டார். வலிந்த இழுவையை நரம்பும் தசையும் எளிதில் தாங்கவில்லை. அவருக்குப் பின் வந்த வித்தோரியோ புத்தி, இழுவை மெல்லவும் தொடர்ந்தும் நிகழவேண்டும் என்பதை உணர்ந்து, தொடையென்பை நீட்டும் கருவியொன்றை 1921இல் விளக்கினார். 1927இல் அமெரிக்கரான லீறோய் அபொற், கணைக்காலின் உள்ளென்பையும் வெளியென்பையும் அறுத்து நீட்டும் முறையை எழுதி வெளியிட்டார். இவ்வாறு தொடை, கணைக்கால் என்னும் இருவழிகளும் கால் நூற்றாண்டிற்குள் திறக்கப்பட்டன. எனினும், பிளந்த இடத்தில் என்பு உறுதியாக வளராமை, புண் சீழ்ப்பிடித்தல், நரம்பு தளர்தல் ஆகிய இடர்கள் இருவழியையும் விட்டகலவில்லை.

அவ்விடர்களைப் பெரிதும் குறைத்தவர் மேற்குச் சைபீரியாவின் குர்கான் பிரதேசத்தில் கிராம வைத்தியராகத் தொண்டாற்றிய கவ்ரீல் இலிசாரொவ் ஆவார். போரில் அங்கங்குலைந்தோர் நிறைந்திருந்த அந்நாளில், 1951ஆம் ஆண்டளவில், உலோக வளையங்களையும் என்பினூடு குறுக்காகச் செல்லும் மெல்லிய கம்பிகளையும் கொண்ட கருவியொன்றை அவர் அமைத்தார். என்பை இறுக்கவேண்டிய திருகாணியை நோயாளி ஒருவர் தவறாக எதிர்ப்புறம் திருப்ப, விலகிய இடைவெளியிற் புதிய என்பு முளைத்திருக்கக் கண்டே இவ்வுண்மையை அவர் உணர்ந்தார் என்று கூறுவர். காரணம் எதுவாயினும், அவர் வகுத்த விதி இன்றும் நிலைபெற்றுள்ளது. என்பை அறுத்தபின் சில நாட்கள் அசையாது விட்டு, அதன்பின் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றராக, அதனையும் நான்கு கூறாக்கிக் கால் மில்லிமீற்றராக விலக்குதலே அவ்விதி. ஐந்து சென்ரிமீற்றர் நீட்ட ஏறத்தாழ ஐம்பது நாட்கள் வேண்டும். வளர்ந்த இளவென்பு வன்மை பெற அதனினும் பன்மடங்கு காலம் வேண்டும்.

வளையக் கருவிக்கு ஏற்ற இடம் கணைக்காலே. ஆங்குத் தசை குறைவு. கம்பிகள் என்பை எளிதில் அடையும். திரண்ட தசை சூழ்ந்த தொடையிலோ கம்பிகள் தசையை ஊடறுத்துச் செல்வதால் நோவு மிகும். பருத்த வளையங்களோடு அமர்தலும் உறங்குதலும் அரிதாகும். இலிசாரொவின் புகழைப் பரப்பியவையும் கணைக்கால்களேயாம். 1964ஆம் ஆண்டுத் தோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் பாய்தலிற் பொன் வென்ற வலேரி புரூமெல், மறு ஆண்டு மோட்டார்ச் சைக்கிள் விபத்தில் காலிழக்கும் நிலையெய்தி, 1968இல் குர்கானிற் குணமடைந்து மீண்டும் பாய்ந்தார். ஆறாத முறிவோடு பல்லாண்டு வருந்திய இத்தாலியப் பயணி கார்லோ மௌரி 1980இல் அங்கு சென்று நலம் பெற்றார். அவர் வழியாக 1981இல் இலிசாரொவ் இத்தாலிக்கு அழைக்கப்பட, மேற்குலகம் அம்முறையை அறிந்தது.

இதன்பின் வரலாறு மீண்டும் தொடையை நோக்கித் திரும்பியது. என்பின் உட்குழாயினுட் செலுத்தப்பட்டு, உள்ளிருந்தே நீளும் ஆணிகள் 1980கள் முதல் உருவாயின. உடலின் வெளியே காந்தக் கருவியை வைத்து நீட்டத்தக்க ஆணி 2011இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நீண்டு பருத்த தொடையென்பு இவ்வாணிக்கு நல்லிடமாயிற்று. முழு உடற்பாரத்தையும் தாங்கும் எனக் கருதி 2018இல் வெளிவந்த வேறோர் ஆணியோ, என்பில் மாற்றங்கள் தோன்றியமையால் 2021இற் சந்தையினின்று மீட்கப்பட்டது. கருவி மாறுந்தோறும் தெரிவும் மாறியமை இவ்வரலாற்றாற் புலனாகும். ஆயின் கருவி எதுவாயினும் உடலின் இயல்பு மாறுவதில்லை.

அவ்வியல்பு யாதெனின், என்பு வளருமளவுக்குத் தசையும் நரம்பும் எளிதில் வளர்வதில்லை என்பதே. தொடையென்பைச் சூழ்ந்து தசையும் குருதியோட்டமும் மிகுந்திருத்தலால் ஆங்குப் புதிய என்பு விரைந்து வளரும்; எட்டுச் சென்ரிமீற்றர் வரையும் நீட்டுவர். ஆனால் தொடையின் முன்பின் தசைகள் இறுகி முழங்காலின் மடக்கத்தைக் குறைக்கும். உள்ளாணி தொடையென்பின் அச்சுவழியே நீளுதலால், உடற்பாரம் இறங்கும் கோடு முழங்காலிற் சிறிது வெளிப்புறமாக விலகும். இரு தொடையையும் ஒருங்கே திறக்குங்கால் என்புமச்சையின் கொழுப்பு குருதியிற் கலந்து நுரையீரலை அடைக்கும் அச்சமும் உண்டு.

கணைக்காலின் நிலை வேறு. முன்புறத்தில் என்பை மூடியிருப்பது தோலேயாதலின் என்பு தாமதித்தே கூடும். பெரும்பாலும் ஐந்து சென்ரிமீற்றர் அளவே நீட்ட முற்படுவர். அருகிலுள்ள வெளியென்பையும் அறுத்து, இரு முனையிலும் பிணைத்து நிறுத்தாவிடிற் கணு குலையும். எல்லாவற்றினும் மேலாக, கெண்டைத்தசையும் குதிநரம்பும் நீள மறுத்துக் குதிகாலை மேலே இழுக்கும். குதி நிலத்திற் படியாது நுனிக்காலில் நடக்க நேரிடும். எனவே, தொடையை நீட்டுவோன் முழங்காலையும், கணைக்காலை நீட்டுவோன் கணுவையும் பணயம் வைக்கின்றான் எனலாம்.

இவ்விடத்து வாழ்க்கை முறை முன்வந்து நிற்கின்றது. கதிரையில் அமர்ந்தெழுவோனுக்கு முழங்கால் ஏறத்தாழ 90 பாகை மடங்கினாற் போதும். குந்தவும் மண்டியிட்டு அமரவும் 130 பாகைக்கு மேல் மடங்குதல் வேண்டும். கீழ்க்கரையில் வாழும் முஸ்லிம் ஒருவர் கடமையான ஐவேளைத் தொழுகையில் மட்டும் நாள்தோறும் 17 றக்அத்துக்களை நிறைவேற்றுகின்றார். ஒவ்வொன்றிலும் இருமுறை ஸுஜூது செய்தலால், 34 தடவை அவர் நெற்றி நிலத்தைத் தொடும். இடையிருப்பில் முழங்கால்கள் முற்ற மடங்கும். வலப்பாதத்தின் விரல்கள் நிலத்தில் ஊன்றி நிற்கும். இயலாதோர் அமர்ந்தோ சைகையாலோ தொழலாம் என மார்க்கம் இளக்கம் அளித்துள்ளதாயினும், நலமுள்ள இளைஞனொருவன் தானே அவ்வியலாமையைத் தேடிக்கொள்ளலாமா என்பது எண்ணத்தக்கது.

தொழில்களும் இவ்வாறே. மருதமுனை நெசவாளன் மிதிகட்டையை மிதிப்பது கணுவின் வலியால். கரைவலை இழுப்போன் குதியை மணலில் ஊன்றிப் பின்னோக்கி நடக்கின்றான். சம்மாந்துறை வயலில் நாற்று நடுவோரும் களை பிடுங்குவோரும் குனிந்தும் குந்தியும் பொழுது கழிக்கின்றனர். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலிலே தீமிதிப்போன் நம்புவதும் தன் இரு பாதங்களையே. 1960களின் இறுதியில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் இராமச்சந்திர சர்மாவும் வைத்தியர் சேத்தியும் செயற்கைப் பாதமொன்றை வகுத்தபோது, மேனாட்டுப் பாதத்தால் இயலாத இக்குந்துதலையும் சம்மணமிடுதலையும் வெறுங்கால் நடையையும் மனத்திற் கொண்டே அதனை ஆக்கினர். போரிற் காலிழந்த இலங்கையர் பலர்க்கும் அது உதவிற்று. காலிழந்தோர்க்கு அத்தனை முயன்று மீட்டளிக்கப்பட்டதை, காலுள்ளோர் உயரத்தின் பொருட்டு இழக்க நேரின் அது பெரும் முரணாகும்.

இவ்வச்சம் வெறுங்கற்பனையன்று. சீன அரசு 2006இல், மருத்துவக் காரணமின்றி உயரத்துக்காக மட்டும் காலை நீட்டுவதைத் தடைசெய்தது. 2016இல் ஹைதராபாத்தில் இளைஞர் ஒருவர் பெற்றோருக்கு அறிவியாது இச்சிகிச்சையைச் செய்துகொண்டபோது, பெரும் விவாதம் எழுந்து மருத்துவ மன்றத்தின் விசாரணை வரை சென்றது. சிகிச்சை முடிந்தபின் மாதக்கணக்கிற் பிறர் துணையின்றி நடக்கவியலாத ஒருவனுக்கு, வீட்டாரே கையுங் காலும் ஆவர். அவர்கள் அறியாது எடுக்கும் முடிவு முழுமையான முடிவாகாது.

இம்முறையைப் பழித்தல் கருத்தன்று. விபத்திலோ நோயிலோ ஒரு கால் குறுகி, இடுப்புச் சாய்ந்து, முதுகு நொந்து நடப்போர்க்கு இது பெருங்கொடை. அவர்க்குத் தொடையோ கணைக்காலோ என்ற தெரிவில் ஐயமில்லை. குறுகிய என்பு எதுவோ அதுவே நீட்டப்படும். இரு கால்களும் நலமாயிருக்க உயரத்தை மட்டும் வேண்டுவோர்க்கே அத்தெரிவு சுமையாகின்றது. எத்தனை சென்ரிமீற்றர் கிடைக்கும் என்று வைத்தியரைக் கேட்குமுன், முழங்காலும் கணுவும் நாள்தோறும் தமக்கு ஆற்றும் பணி யாது என்று அவர்கள் தம்மையே கேட்டல் வேண்டும். பள்ளிவாசல் வரிசையிலே நெட்டையரும் குட்டையரும் தோளொட்டி நிற்கின்றனர். நெற்றி நிலத்திற் படும்போது அவ்வேறுபாடு அறியப்படுவதில்லை. அங்ஙனம் படிதற்கு வேண்டியது மடங்கும் முழங்காலேயன்றி நீண்ட கால் அன்று.