'தீராத வயிற்று வலி': தற்கொலைக்கு முயன்ற இளையோரை மருத்துவமனைகள் மதிப்பிட்ட வரலாறு

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தனியார் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் பக்கத்தில்தான், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில். இரவில் ஒரு பதினாறு வயதுப் பெண்ணைத் தூக்கி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "என்ன ஆச்சு?" என்ற கேள்விக்கு அவள் வாய் திறக்குமுன் தாய் முந்திக்கொள்கிறாள்: "வயித்து வலி தாங்கமாட்டாம மருந்தக் குடிச்சிட்டா சார்." அந்தப் பதில் 'ஏ.ஆர்.' எனப்படும் விபத்துப் பதிவேட்டில் ஏறுகிறது. அங்கிருந்து காவல் நிலையத்துக்குப் போய், சில சமயம் மறுநாள் செய்தித்தாளில் 'தீராத வயிற்று வலி' என்று வருகிறது. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையின் துயரம் முழுக்க இந்த மூன்று சொற்களுக்குள் புதைந்து கிடக்கிறது.

அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சட்டம்தான் அவளை அப்படிச் சொல்ல வைத்தது. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவருக்கு ஓராண்டு வரை சிறை விதிக்க முடிந்தது. உச்ச நீதிமன்றம் 1994இல் அந்தப் பிரிவைச் செல்லாது என்றது. 1996இல் அரசியல் சாசன அமர்வு செல்லும் என்றது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது அதன் 115ஆம் பிரிவு. தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 இல்லை. சட்டம் போனாலும் அச்சம் போகவில்லை. "போலீஸ் கேஸ் ஆயிரும்லா" என்ற பேச்சு வார்டு வாசலில் இன்னும் கேட்கிறது.

போலீஸ் கேட்ட கேள்வியைத் தாண்டி மருத்துவர் கேள்வி கேட்கத் தொடங்கியதற்கு, தென் தமிழகத்தில் தெளிவான ஒரு தடயம் உண்டு. மதுரை எர்ஸ்கின் மருத்துவமனையில் (இன்றைய அரசு இராசாசி மருத்துவமனை) தற்கொலை முயற்சிக்குப் பின் சேர்க்கப்பட்ட 114 பேரை ஆராய்ந்து, மனநல மருத்துவர் ஏ.வெங்கோபராவ் 1965இல் கட்டுரை வெளியிட்டார். அவர்கள் சேர்க்கப்பட்டது மனநோய்ப் பிரிவில் அல்ல, பொது மருத்துவப் பிரிவில். விஷத்தை முறித்து அனுப்பிவிடும் இடத்தில் ஒருவர் உட்கார்ந்து, ஏன் என்று விசாரித்தார். இந்த வரலாற்றின் பெரிய திருப்பம் அதுவே என்பது என் கருத்து.

மேலை நாடுகளில் விசாரணை அளவுகோலாக மாறியது. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1974இல் தற்கொலை நோக்கத்தை அளக்கும் வினாத்தாளைத் தந்தார். 1983இல், மருத்துவ மாணவர்களுக்கென 'சாட் பெர்சன்ஸ்' என்ற பத்து அம்சப் பட்டியல் வந்தது. அம்சத்துக்கு ஒரு மதிப்பெண். அதில் ஆணாகப் பிறந்தால் ஒரு மதிப்பெண், பெண்ணுக்குச் சுழியம். இதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி வட்டாரத்தில் கண்டதோடு ஒப்பிட வேண்டும். 1992 முதல் 2001 வரை, 10 முதல் 19 வயது வரையிலானவர்களின் மரணங்களை வீடு வீடாக விசாரித்தபோது, தற்கொலை விகிதம் லட்சத்துக்குப் பெண்களில் 148, ஆண்களில் 58. 2004இல் 'லான்செட்' இதழ் இதை வெளியிட்டது. வண்ணார்பேட்டைக்குத் தூக்கி வரப்படும் பெண்ணை அந்தப் பட்டியல் தொடக்கத்திலேயே தவறாக எடைபோட்டிருக்கும்.

பட்டியல் உருவான அதே 1983இல், அமெரிக்காவில் 4,800 மனநல நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த அலெக்ஸ் போகோர்னியின் ஆய்வும் வந்தது. அவர்களில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 67 பேர். அவர்களை முன்கூட்டியே பிரித்தறிய எந்தக் கணக்கும் உதவவில்லை. ஆபத்து என்று குறிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தற்கொலை செய்துகொள்ளவில்லை. இருந்தும், எதிர்காலத்தைக் கணிக்க மதிப்பெண் பட்டியலைப் பயன்படுத்தாதீர்கள், 'குறைந்த ஆபத்து', 'அதிக ஆபத்து' என்று முத்திரை குத்தாதீர்கள் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2022இல் மறுபடியும் வலியுறுத்த வேண்டியிருந்தது.

ஆபத்தைப் பற்றி இளையோரிடம் கேட்கவே கூடாது என்பதல்ல இதன் பொருள். அமெரிக்கக் குழந்தைகள் அவசரப் பிரிவுகளில் 2012இல் உருவான முறையில் நேரடியான நான்கே கேள்விகள். பெற்றோர் வெளியே இருக்கும்போது கேட்க வேண்டும். கேட்டால் தற்கொலை எண்ணம் தலையில் ஏறிவிடும் என்ற பயத்தை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. நம் வார்டுகளில் கடினம் வேறிடத்தில் இருக்கிறது. கட்டில் பக்கத்தில் தாய், காலடியில் சித்தி, வாசலில் மாமா. "கொஞ்சம் வெளிய நில்லுங்கம்மா" என்று செவிலியர் சொன்ன பிறகுதான் வயிற்று வலிக்குப் பின்னால் இருக்கும் தேர்வு முடிவோ, காதலோ, அப்பாவின் குடியோ வெளியே வரும்.

கேட்டபின் என்ன செய்வது என்பதற்கான விடையில் சென்னைக்கும் பங்குண்டு. 1986இல் 'சினேகா' அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார் பங்கேற்ற ஓர் ஆய்வு அது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனை வந்த 1,867 பேரிடம் அதை நடத்தியது; அதன் முடிவு 2008இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதனுடன் ஒரு மணி நேர உரையாடலும், வீடு திரும்பியபின் ஒன்பது முறை நேரிலோ தொலைபேசியிலோ விசாரிப்பும். 18 மாதங்களில் முதல் பிரிவில் 2.2 சதவீதத்தினர் தற்கொலையால் இறந்தனர். இரண்டாம் பிரிவில் 0.2 சதவீதம்.

இன்று 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது; ஆனால் அதை அந்தப் பெண்தான் அழைக்க வேண்டும். அந்த ஆய்வில் தேடி விசாரித்தவர்கள் மருத்துவமனைப் பக்கத்தினர்: 1, 2, 4, 7, 11ஆம் வாரங்களில், பிறகு 4, 6, 12, 18ஆம் மாதங்களில். இதே முறையில், பத்தாம் வகுப்புத் தேர்வுச் சமயத்தில் வண்ணார்பேட்டையில் சேர்க்கப்பட்டவளுக்குக் கடைசி விசாரிப்பு வரும்போது, அவள் பன்னிரண்டாம் வகுப்பில் காலாண்டுத் தேர்வு எழுதிக்கொண்டிருப்பாள்.