கடல்மல்லையும் யவனர் கோயில்களும்

கடல்மல்லைக்கு வரும் கல்வி கற்ற இளைஞர் பலர் அடியேனிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "கிரேக்க, ரோமானியக் கோயில்களைப் படங்களில் பார்க்கிறோம், இங்கே கடற்கரைக் கோயிலைப் பார்க்கிறோம். இரண்டும் கல், இரண்டும் பழமை. வேறுபாடு யாது?" என்பர். நம்மவர் இதற்கு வழக்கமாகச் சொல்லும் விடை, "அவர்கள் கோயில்கள் வெறுங்கல்லாயின, நம் கோயில்களில் ஆராதனம் இடையறாது நடக்கிறது" என்பது. கேட்பதற்கு இனிய விடைதான். அது முழுதும் மெய்யா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யவனர் நம் கரைக்குப் புதியவர் அல்லர். மாமல்லபுரத்திற்குத் தெற்கே, பாலாறு கடலோடு கலக்குமிடத்தை அடுத்த வசவசமுத்திரத்தில் தமிழக அரசின் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில், மது கொண்டுவரப் பயன்பட்ட ரோமானிய இருகைச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த திருமங்கையாழ்வாரும், நிதிக்குவையும் களிறும் நவமணியும் சுமந்து பாரத்தால் சாய்ந்து இயங்கும் கலங்களை இவ்வூருக்கு அடையாளமாகப் பாடியருளினார். வடக்கே விதிசையை அடுத்த பேஸ்நகரில், யவன அரசன் அந்தியால்கிதஸின் தூதனாய் வந்த ஹெலியோதோரஸ், கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வாஸுதேவனுக்குக் கருடத்வஜம் நாட்டினான். தக்ஷசிலையைச் சேர்ந்த அவன் அக்கல்வெட்டில் தன்னைப் பாகவதன் என்றே சொல்லிக்கொள்கிறான். ஆகவே யவனரை ஏளனத்தோடு நோக்க நமக்கு நியாயமில்லை.

சிற்ப நெறியிலும் இரு மரபுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் மரத்திலிருந்து கல்லுக்கு வந்தவை. ஒலிம்பியாவிலுள்ள ஹேரா தேவியின் கோயிலில் முதலில் மரத்தூண்களே இருந்து, பின்பு ஒவ்வொன்றாகக் கற்றூண்களாயின. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்குச் சென்ற பௌஸானியஸ் என்னும் யாத்திரிகர், கருவாலி மரத்தூண் ஒன்று எஞ்சி நின்றதைக் கண்டு எழுதியிருக்கிறார். நம் நாட்டில் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்கும் கோயில் எடுத்ததை மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமையாகச் சொல்கிறான். ஆயினும் மாமல்லபுரத்து ஒற்றைக்கல் விமானங்களில் பழைய வடிவம் மறையவில்லை. திரௌபதி ரதம் கூரை வேய்ந்த குடிசையாகவும், பீம ரதம் வண்டிக்கூடு போன்ற கூரையோடும் நிற்கின்றன. முன்னோர் வழங்கிய வடிவத்தைப் பொருள் மாறியபோதும் விடாமை இரு மரபுக்கும் பொதுவான குணம்.

அமைப்பில் வேறுபாடு உண்டு. கிரேக்கக் கோயிலின் உள்ளறையில் தெய்வத்தின் திருவுருவம் நிற்கும். பலிபீடமோ பெரும்பாலும் வெளியே, கிழக்கு முகப்பின் எதிரில் இருக்கும். மக்கள் கூடியதும் வேள்வி நிகழ்ந்ததும் வெளியிலேயே. ரோமானியர் கோயிலை உயர்ந்த மேடைமேல் ஏற்றி, முன்புறம் மட்டும் படிகள் வைத்தனர்.

புராணக் கதையிலும் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. ஏதென்ஸுக்குத் தெற்கே சூனியோன் முனையில், கடலை நோக்கிய குன்றின்மேல் பொஸைதோனின் கோயில் நிற்கிறது. மூன்று உடன்பிறந்தார் சீட்டுப் போட்டு உலகைப் பங்கிட்டபோது கடல் அத்தேவனுக்கு வந்தது என்பது அவர்கள் கதை. அவன் சினத்துக்கு மாலுமிகள் அஞ்சினர். கடல்மல்லைத் தலபுராணம் வேறு விதமானது. திருப்பாற்கடல் நாதனுக்குத் தாமரை சமர்ப்பிக்க விரும்பிய புண்டரீக மஹர்ஷி, குறுக்கே கிடந்த கடலைக் கையால் இறைக்கத் தொடங்கினார். எம்பெருமான் முதியவராய் வந்து, பசிக்கு அன்னம் கேட்டு அவரை அனுப்பிவிட்டு, அவர் திரும்புவதற்குள் அந்நிலத்திலேயே பள்ளிகொண்டருளினான். பங்கு பெற்ற கடலை ஆள்பவன் ஒருவன். அடியவனுக்காகக் கடலைத் தாண்டி வந்து தரையில் கிடப்பவன் மற்றொருவன். அதனால்தான் ஸ்தலசயனத்தில் அரவணையும் இல்லை.

ஆயினும் யவனர் தம் திருவுருவங்களை வெறுங்கல்லாகக் கருதினர் என்று சொல்வது பிழை. ஏதென்ஸ் நகரத்தார் அதீனா தேவியின் பழைய மரத்திருவுருவத்துக்குப் புதிதாய் நெய்த ஆடை சாத்தினர். ஆண்டுதோறும் ஒரு நாள் ஆடை களைந்து நீராட்டும் சடங்கும் நடத்தினர். நம் திருமஞ்சனத்தை அறிந்தவர்க்கு இது வியப்பாகாது. அவ்வழிபாடு தானே உலரவில்லை. அரசாணை அதை நிறுத்திற்று. பேரரசன் தியோதோஸியஸ் கி.பி. 391, 392ஆம் ஆண்டுகளில் பழைய வழிபாடுகளைத் தடைசெய்தான். கி.மு. 447இல் தொடங்கிய பார்த்தினான் பின்பு கிறிஸ்தவ ஆலயமாயிற்று, பின்னும் மசூதியாயிற்று. 1687இல் வெனிஸ் படையினர் எறிந்த குண்டு அங்கிருந்த வெடிமருந்தில் விழ, நடுப்பகுதி சிதறியது. ரோமாபுரியின் பாந்தியான் 609இல் கிறிஸ்தவ ஆலயமானதால் பெரிதும் சிதையாமல் நிற்கிறது.

இனி நம் கரைக்கு வருவோம். ஊர் நடுவே ஸ்தலசயனப் பெருமாளுக்கு நித்ய ஆராதனம் நடக்கிறது. ஆதிவராஹக் குகையிலும் நடக்கிறது. கடற்கரைக் கோயிலிலோ, இரண்டு சிவாலயங்களுக்கு நடுவே, இருந்த இடத்துப் பாறையிலேயே வடிக்கப்பட்ட சயனத் திருக்கோலம் ஒன்று உண்டு. முதலாம் இராஜராஜன் காலத்துக் கல்வெட்டு, க்ஷத்ரியஸிம்ஹ, ராஜஸிம்ஹ பல்லவேச்வரங்களோடு இவரையும் 'பள்ளிகொண்டருளிய தேவர்' என்று குறிக்கிறது. இன்று அவருக்குத் தளிகையும் இல்லை, திருவிளக்கும் இல்லை. காணக் கட்டணம் செலுத்திச் செல்கிறோம்.

சிறுவயதில் தகப்பனாரோடு அங்குச் சென்றபோது, அவர் உத்தரீயத்தை இடையில் கட்டிக்கொண்டு தண்டன் ஸமர்ப்பித்தார். "இங்கே ஆராதனம் இல்லையே" என்றேன். "ஆராதனம் நம்மிடத்தில் நின்றது, அவர் எழுந்திருந்து போய்விடவில்லை" என்றார்.

ஆழ்வார் மங்களாசாஸனம் செய்தது எவரை என்ற வினாவும் இங்கே எழும். சுடுகாட்டில் நடமாடும் பிரானோடு இணங்கி எம்பெருமான் உறையும் இடம் என்று ஆழ்வார் அருளியதைக் கொண்டு, கடற்கரைப் பெருமானையே பாடினார் என்பர் ஒரு சாரார். தலசயனம் என்னும் திருநாமத்தைக் கொண்டு, ஊர்நடுப் பெருமானையே என்பர் மற்றொரு சாரார். ஆராதனம் தொடரும் ஸந்நிதியையே ஸம்ப்ரதாயம் திவ்யதேசமாகக் கொண்டு ஸேவித்துவருகிறது. அதற்கு மாறாகச் சொல்ல அடியேன் துணியேன். ஆனால் முதற்சாரார் வாதத்தை மறுக்கவும் எளிதாக இயலவில்லை. அது மெய்யாயின், பாசுரம் பெற்ற ஒரு திருமேனி நம் கண்ணெதிரே தனித்துக் கிடக்கிறது.

ஆகவே இளைஞர்க்குச் சொல்லும் விடையைத் திருத்திக்கொள்ள வேண்டும். யவனர்க்கு நேர்ந்தது நமக்கும் ஒரே ஊருக்குள் நேர்ந்திருக்கிறது. அங்கே அரசாணை நிறுத்தியது. இங்கே எப்போது, யாரால் நின்றதென்று நினைப்பாரும் இல்லை. பிள்ளைலோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் அர்ச்சாவதாரத்தை, பெருக்காறு வடிந்தபின் அதிலே தேங்கி நிற்கும் மடுவுக்கு ஒப்பிட்டருளினார். தாஹித்தவனுக்கு எப்போதும் எட்டும் நீர் அது. ஆனால் மடுவுக்குச் செல்லும் வழியில் முள் மண்டாமல் காப்பது குடிப்பவர் கடமை. கடற்கரையில் கிடக்கும் பெருமானை அடுத்த முறை ஸேவிக்கச் செல்லும் பாகவதர்கள், படம் எடுக்குமுன் ஒரு கணம் நின்று அஞ்சலி செய்து, திருமங்கையாழ்வாரின் கடல்மல்லைப் பாசுரங்களை மெல்ல அநுஸந்திப்பார்களாக. அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.