ஆல்பக்கோடா பிறந்த கதை

பித்தம், குமட்டல், மலச்சிக்கல் என்று நாட்டு மருந்துக் கடைக்குப் போனால், கறுத்துச் சுருங்கிய ஒரு புளிப்புப் பழத்தை எடுத்துத் தருவார்கள். ஆல்பக்கோடா. உலர்த்திய பிளம்தான் அது. உஸ்பெகிஸ்தானின் புகாரா நகரம் பெயரிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

ஃபெர்கானாவில் பிறந்த பாபர் தன் நினைவுக் குறிப்புகளில் இந்தப் பழத்தைப் பாராட்டுகிறார். புகாராக்காரர்கள் தோலுரித்து உலர்த்தி ஊர் ஊராக அனுப்புகிறார்களாம். நல்ல பேதி மருந்தாம். இந்தியாவில் நல்ல திராட்சையும் முலாம்பழமும் இல்லை என்று குறைபட்டுக்கொண்ட அதே மனிதர்தான். 500 ஆண்டுகள் ஆகியும் நம் கடைக்காரர் அவர் சொன்னதைத்தான் சொல்கிறார்.

பழத்தின் பிறப்பு இன்னும் பழையது. தோட்டத்து பிளம்மின் செல்லில் 48 குரோமோசோம்கள். பால்கனிலிருந்து தியன்ஷான் மலைகள் வரை காட்டில் வளரும் செர்ரி பிளம்முக்கு 16. ஐரோப்பாவில் வேலியோரம் முளைக்கும் ஸ்லோ என்ற முட்செடிக்கு 32. ஒரகடத்துக் கார் தொழிற்சாலையின் அசெம்பிளி லைனில் வண்டி பூட்டுவதுபோல, இரண்டு செடிகளின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய பழம் என்று சந்தேகம் எழுந்தது. இரண்டும் கலந்தால் பிள்ளைக்குப் பாதிப் பாதியாக 24தான் கிடைக்கும். அது பெரும்பாலும் மலடாகும். அந்த 24 இரட்டித்தால் 48, விதை பிடிக்கும். சோவியத் ஆய்வாளர் ரிபின் இரண்டையும் கலந்து 48 உள்ள செடியையே உண்டாக்கி, 1936-இல் அதை வெளியிட்டார். கதை அவ்வளவு சுலபமில்லை, ஸ்லோவின் பங்கு எவ்வளவு என்பதே விவாதம் என்கின்றன அண்மைய மரபணு ஆய்வுகள். செர்ரி பிளம்மின் பங்கை மட்டும் யாரும் மறுக்கவில்லை.

(கொடைக்கானல் பிளம்ஸ் இந்தக் குடும்பத்தின் சீனக் கிளை. அதைக் காயவைத்து ஆல்பக்கோடா என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.)

காட்டுச் செடியான செர்ரி பிளம்மை உலகம் இன்னும் விடவில்லை. பல நாடுகளில் பிளம் ஒட்டுக் கட்டுவது செர்ரி பிளம் வேரின் மேல்தான். அதன் நெருங்கிய உறவான தர்வாஸ் பிளம், தஜிகிஸ்தானின் தர்வாஸ் மலைப்பக்கத்தில் மட்டும் காணப்படும் அரிய இனம்; தனி இனம்தானா என்பதிலேயே தாவரவியலாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. சோவியத் ஒன்றியம் உடைந்தபின் எரிபொருள் கிடைக்காத அப்பகுதி மலைக்கிராமத்தார் விறகுக்காகப் பழக்காடுகளை வெட்டினார்கள்; மிச்சத்தை ஆடுமாடுகள் மேய்ந்தன. மத்திய ஆசிய மரங்களுக்கென 2009-இல் வெளியான சிவப்புப் பட்டியல், 44 மர இனங்கள் அழியும் ஆபத்தில் இருப்பதாகக் கணக்கிட்டது.